ஆறு டேங்கர் வாங்க வேண்டும் என்றால் எதை எடுப்பீர்கள்?

வல்லம் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கத்தில் வல்லம் என் ஊர். விமானப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் துறையில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இந்திய விமானப்படைக்கு நடுவானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானம் ஆறு வாங்க வேண்டும். தேர்வுக் குழுவின் தலைவர் நான். எதை எடுப்பேன், ஏன் என்று இருபது நிமிடம் பேச வேண்டும். அதற்குப் பிறகு கேள்வி நேரம்.

2020 ஜனவரியில் தஞ்சாவூர்த் தளத்தில் சுகோய்-30 ஸ்குவாட்ரன் தொடங்கியபோது நான் பள்ளியில் இருந்தேன். மொட்டை மாடியில் நின்று அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்ட அன்றைக்கே இதுதான் என் படிப்பு என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் இந்தப் பயிற்சியை மேலோட்டமாகச் செய்துவிட்டு வர மனசு வரவில்லை.

இதுவரை நான் சேகரித்தது இதுதான். இப்போது நம்மிடம் இருப்பவை ஆறு இல்யூஷின்-78 எம்.கே.ஐ. 2003-இல் வரத் தொடங்கி, ஆக்ராவில் 78-ஆவது ஸ்குவாட்ரனில் இருக்கின்றன. கூடுதலாக ஆறு வாங்க இரண்டு முறை முயன்றிருக்கிறார்கள். 2009-இல் ஏர்பஸ் ஏ330 எம்.ஆர்.டி.டி தேர்வானது, 2010 ஜனவரியில் ரத்து. 2013 ஜனவரியில் மறுபடியும் அதே விமானம் தேர்வானது, 2016-இல் மறுபடியும் ரத்து. இப்போது பழைய போயிங் 767 பயணிகள் விமானங்களை இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் டேங்கராக மாற்றித் தரும் என்ற பேச்சு. ஆறு விமானம், ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய் என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது.

எரிபொருள் கொள்ளளவை வைத்து ஒரு அட்டவணை போட்டேன். ஏ330-இல் 111 டன். அமெரிக்காவின் கே.சி-46-இல் 96 டன். எப்படிப் பார்த்தாலும் ஏ330 தான் முதலில் வந்து நிற்கிறது. இதையே முடிவாக வைத்துப் பேசலாமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்? இந்த விமானங்களோடு வேலை செய்த யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.


செலவுக்கணக்கு:

தங்கச்சி, முதல் முறை ரத்தானதே நிதி அமைச்சகம் விலையைப் பார்த்து மறுத்ததால்தான். எவ்வளவு நல்ல விமானமாக இருந்தாலும் பணம் கொடுப்பவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் அது காகிதத்தில்தான் பறக்கும். அதனால் விலையை முதல் பக்கத்திலேயே வையுங்கள். வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், முப்பது நாற்பது வருடம் ஓட்டும் செலவையும் சேர்த்து வையுங்கள்.

வாடகை என்ற வழியையும் யோசித்துப் பாருங்கள். பிரிட்டன் 2008-இல் ஏர்டேங்கர் என்ற நிறுவனத்தோடு 27 வருட ஒப்பந்தம் போட்டது. ஏ330 விமானங்கள் 14, அங்கே அவற்றுக்கு வாயேஜர் என்று பெயர். விமானங்கள் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம், சேவைக்குத்தான் அரசு பணம் கட்டுகிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், நார்வே போன்ற நாடுகள் ஒன்று சேர்ந்து நெதர்லாந்தில் உள்ள ஐந்தோவன் தளத்தில் டேங்கர்களை வைத்துக்கொண்டு பறக்கும் மணி நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஏன் தொடங்க வேண்டும்?


பழைய ஏர்மேன், சூலூர்:

அம்மணி, வணக்கம். விமானப்படையில் இருபது வருடம் என்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி ரஷ்யத் தயாரிப்புப் பெரிய விமானங்களோடு போனது. எந்தத் தளம் என்று எழுதப் போவதில்லை. விமானி அல்ல, தரையில் வேலை பார்த்தவன். நான் சொல்வதும் தரையிலிருந்து பார்த்ததாகத்தான் இருக்கும்.

உங்கள் அட்டவணையில் தப்பு இல்லை. ஆனால் அது கடைசியில் போட வேண்டிய அட்டவணை. முதலில் யாருக்கு ஊற்றப் போகிறோம் என்று எழுதுங்கள்.

வானத்தில் எரிபொருள் கொடுக்க இரண்டு முறை உண்டு. ஒன்று, டேங்கரிலிருந்து நீளமான ஹோஸ் ஒன்றை வெளியே விடுவார்கள். அதன் நுனியில் இறகுப்பந்து மாதிரி விரிந்த ஒரு கூடை இருக்கும். பின்னால் வரும் விமானத்தின் மூக்குப் பக்கத்தில் ப்ரோப் என்ற குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். விமானி அதைக் கொண்டுபோய்க் கூடைக்குள் சொருக வேண்டும். இன்னொன்று பூம். டேங்கரின் வாலுக்கு அடியில் விறைப்பான ஒரு குழாய், அதற்குச் சின்ன இறக்கைகள். டேங்கரில் இருக்கும் ஆபரேட்டர் அதை ஓட்டி, பின்னால் வரும் விமானத்தின் முதுகில் இருக்கும் துளைக்குள் இறக்குவார். பூமில் எரிபொருள் வேகமாகப் போகும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். கூடை என்றால் இரண்டு இறக்கையிலும் ஹோஸ் சுருட்டி வைத்த இரண்டு பாட் தொங்கவிட்டு, இரண்டு போர் விமானத்துக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம்.

இப்போது நம் விமானங்களைப் பாருங்கள். சுகோய்-30, ரஃபேல், மிராஜ் 2000, ஜாகுவார், மேம்படுத்திய மிக்-29, தேஜஸ் எல்லாம் ப்ரோப். எம்ப்ரேயர் விமானத்தின் மேல் நாம் கட்டிய நேத்ரா ரேடார் விமானத்துக்கும் ப்ரோப் இருக்கிறது. முதுகில் துளை உள்ளவை சிலதான், அவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. சரக்கு ஏற்றும் சி-17 பதினொன்று, கடற்படையின் பி-8ஐ பன்னிரண்டு. அதனால் நமக்கு உயிர் கூடையில்தான் இருக்கிறது. பூம் இருந்தால் நல்லது, கூடை இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. உங்கள் முதல் நிபந்தனை அதுதான்: குறைந்தது இரண்டு ஹோஸ், முடிந்தால் நடுவில் மூன்றாவது. இப்போது இருக்கும் இல்யூஷினில் மூன்று பாட், இறக்கைக்கு ஒன்று, பின்புறம் உடம்பின் இடது பக்கம் ஒன்று.

இதைச் சரியாக யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மேலே ஒருவர் சொன்ன பிரிட்டனையே பாருங்கள். அவர்களுடைய வாயேஜரில் பூம் கிடையாது. அவர்களுடைய டைஃபூன் போர் விமானத்துக்கு அது போதும். ஆனால் அதே விமானப்படை பிறகு வாங்கிய ரிவெட் ஜாயின்ட் உளவு விமானமும் பி-8-உம் முதுகில் துளை உள்ளவை. தங்கள் சொந்த டேங்கரிலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுத்துக்கொள்ள முடியாது. டேங்கர் முப்பது வருடம் இருக்கும். அதற்குள் அதன் பின்னால் வந்து நிற்கும் விமானங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நம் கையில் இன்று பூம் கேட்கும் விமானம் குறைந்தது 23 இருக்கும்போது, பூம் பொருத்த இடம் இல்லாத டேங்கரை வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2017-இல் நாடாளுமன்றத்தில் வைத்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. 2010 முதல் 2016 வரை நம் இல்யூஷின் டேங்கர்களில் பறக்கத் தயாராக இருந்தவை சராசரியாக 49 சதவீதம். இருக்க வேண்டியது 70 சதவீதம். இதை வெறும் சதவீதமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு தாள் எடுத்து என்னோடு கணக்குப் போடுங்கள்.

தளத்திலிருந்து 1,500 கி.மீ. தள்ளி ஒரு இடத்தில் இரவு பகலாக ஒரு டேங்கர் வட்டமடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தஞ்சாவூரிலிருந்து போர்ட் பிளேர் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். போக இரண்டு மணி நேரம், அங்கே நாலு மணி நேரம், திரும்ப இரண்டு. மொத்தம் எட்டு மணி நேர சார்ட்டி, அதாவது ஒரு தடவை போய் வருவது. ஒரு நாளைக்கு இப்படி ஆறு சார்ட்டி வேண்டும். ஒரு விமானம் எட்டு மணி நேரம் பறந்து, நாலு மணி நேரம் தரையில் நின்று, மறுபடி எட்டு மணி நேரம் பறக்கும் என்றால் நாளைக்கு இரண்டு. அப்படியானால் மூன்று விமானம் வேண்டும். ஒன்றில் கூடக் கோளாறு வரக் கூடாது.

ஆறில் 49 சதவீதம் எவ்வளவு? மூன்று. ஆறில் 70 சதவீதம்? நாலு. அந்த 21 சதவீத வித்தியாசம் என்பது ஒரே ஒரு விமானம். ஆனால் அந்த ஒரு விமானம்தான் மாற்றாக நிற்பது. மூன்று இருக்கும்போது ஒன்றில் ஸ்னாக், அதாவது கோளாறு வந்தால், அங்கே தொலைவில் கடலுக்கு மேலே காத்திருப்பவனுக்கு எரிபொருள் கிடையாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே ஒரு தளம், ஜனவரி மாதம், ராத்திரி இரண்டு மணி. மூடுபனியில் பக்கத்து டிஸ்பர்சலின், அதாவது விமானம் நிறுத்தும் இடத்தின் விளக்கே மங்கலாகத்தான் தெரிகிறது. விடியற்காலையில் கிளம்ப வேண்டிய விமானத்தில் மூன்றாவது என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் வால்வு போய்விட்டது. இரண்டு கையில் அடங்கிவிடும் சாமான். ஸ்டோரில் இல்லை. இரண்டு டிஸ்பர்சல் தள்ளி வேறொரு விமானம் வேறொரு கோளாறோடு நின்றுகொண்டிருந்தது. அதன் வால்வைக் கழற்றி இதில் மாட்டினோம். விரல் மரத்துப்போய் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. கையைக் கக்கத்தில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு வேலை செய்தோம். விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். ஆனால் நின்றுகொண்டிருந்த அந்த இன்னொரு விமானத்துக்கு முன்பு ஒரு கோளாறு, இப்போது இரண்டு. புது வால்வு வந்து சேர பதினோரு வாரம் ஆனது. வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தால் பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வேறு. பொருந்தவில்லை. திருப்பி அனுப்பினோம். அந்த விமானத்தைத் தினமும் கடந்து போகும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இதில் அந்த விமானத்தின் தப்பு ஒன்றும் இல்லை. இல்யூஷின் உறுதியான விமானம். இதே ஆக்ரா டேங்கர்கள்தான் 2004-இல் நம் ஜாகுவார்களை அலாஸ்கா வரைக்கும், 2008-இல் சுகோய்களை அமெரிக்காவின் நெவாடா வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பின. அதை நான் பெருமையோடு சொல்வேன். ஆனால் அவை சோவியத் காலத்து ஏற்பாட்டில் உருவானவை. விமானம் கட்டியது உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில், என்ஜின் வந்தது ரஷ்யாவின் ரைபின்ஸ்கிலிருந்து. நாடு உடைந்த பிறகு ஒரு சாமானுக்கு எத்தனை கதவு தட்ட வேண்டும் என்று யோசியுங்கள். தாஷ்கண்ட் ஆலையில் இப்போது இந்த விமானம் தயாராவதும் இல்லை. ரஷ்யா புது வடிவத்தை உல்யானோவ்ஸ்கில் கட்டுகிறது.

அதனால், கொள்ளளவு பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 2018 செப்டம்பர் 10 அன்று தேஜஸ் முதன்முறையாக நடுவானில் எரிபொருள் வாங்கியது. 20,000 அடி உயரம், இல்யூஷின் டேங்கர். எவ்வளவு வாங்கியது தெரியுமா? 1,900 கிலோ. 111 டன்னுக்கும் 96 டன்னுக்கும் நடுவே உள்ள 15 டன்னை விட, சரியான நேரத்தில் சரியான இடத்தில் கூடை தொங்குகிறதா என்பதுதான் அதை ஓட்டும் பையனுக்கு முக்கியம்.


வல்லம் மாணவி:

ஐயா, மிக்க நன்றி. அந்தக் கணக்கை நானே மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 1,000 கி.மீ. என்று மாற்றினாலும் மாற்று விமானம் இல்லாத நிலைமை போகவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, பழைய 767-ஐ வாங்கி மாற்றுவது சரியா? எங்கள் வகுப்பில் நண்பர்கள், "யாரோ ஓட்டித் தேய்த்த விமானம் எதற்கு" என்கிறார்கள். இரண்டு, பயணிகள் விமானத்திலிருந்து டேங்கர் செய்வது எளிது என்றால் கே.சி-46 ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டது?


பழைய ஏர்மேன், சூலூர்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதில்தான் பாடம் இருக்கிறது.

கே.சி-46-உம் 767 தான். 2011 பிப்ரவரியில் போயிங்குக்கு ஆர்டர் கிடைத்தது, 2019 ஜனவரியில்தான் முதல் விமானம் கைக்கு வந்தது. நிர்ணய விலை ஒப்பந்தம் என்பதால் மேலே போன செலவை போயிங்கே சுமந்தது. நஷ்டம் 700 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. உடம்பும் இறக்கையும் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை பெரும்பாலும் பின்னால் தொங்கும் பூமைச் சுற்றித்தான். பழைய அமெரிக்க டேங்கரான கே.சி-135-இல் பூம் ஆபரேட்டர் வால் பக்கம் குப்புறப் படுத்து, ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்து ஓட்டுவார். புதியதில் அவர் முன்னால் உட்கார்ந்து திரையில் பார்க்கிறார். சூரியன் சில கோணத்தில் இருக்கும்போது படம் சரியாகத் தெரியவில்லை. தூரத்தை மதிப்பிட முடியவில்லை. பூம் எதிரே உள்ள விமானத்தின் முதுகில் உரசியது, சில சமயம் உரசியது ஆபரேட்டருக்கே தெரியவில்லை. கேமரா அமைப்பையே புதிதாகச் செய்ய வேண்டியதாகிவிட்டது, அதுவும் வருடக் கணக்கில் தள்ளிக்கொண்டே போனது. பூமும் விறைப்பாக இருந்ததால் ஏ-10 மாதிரி மெதுவான விமானத்தால் அதைத் தள்ளி உள்ளே நிலைக்க முடியவில்லை.

அதனால் குழுவின் முன்னால் இப்படிக் கேளுங்கள்: "நீங்கள் கொடுக்கும் ஹோஸ், பாட், பூம், கேமரா இதே வடிவத்தில் இன்றைக்கு எந்த நாட்டில் தினமும் வேலை செய்கிறது?" ஏ330-க்கு இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ், சிங்கப்பூர், சவுதி, தென்கொரியா என்று பல நாடுகள். 2020 ஜூலையில் நம் முதல் ஐந்து ரஃபேல் அம்பாலாவுக்கு வந்தபோது வழியில் எரிபொருள் கொடுத்ததும் பிரான்சின் ஏ330 தான். அதிலும் தொடக்கத்தில் பூம் ஒடிந்தது உண்டு. 2011 ஜனவரியில் சோதனையின்போது ஒரு எஃப்-16 தொட்டிருந்த நேரத்தில் நடந்தது. ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இஸ்ரேல் மாற்றிய 767 டேங்கர் 2010 முதல் கொலம்பியாவிடம் இருக்கிறது, ஒரே ஒரு விமானம், கூடை முறை. அந்த அனுபவம் உண்மையானதுதான், ஆனால் சின்னது. குழுவில் நான் இருந்தால் இங்கே நிறுத்தி நிறையக் கேட்பேன்.

இப்போது பழைய விமானம் பற்றி. உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்: விமானத்துக்கு வயசு வருடத்தில் மட்டும் இல்லை. எத்தனை தடவை மேலே போய் இறங்கியது, எத்தனை தடவை உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கியது, அதுதான் உலோகத்தைக் களைக்க வைப்பது. பயணிகள் நிறுவனம் ஓட்டுவதைவிட விமானப்படை டேங்கரைக் குறைவாகத்தான் ஓட்டும். நல்ல பதிவேடு உள்ள, நீண்ட தூரம் மட்டும் பறந்த ஒரு 767-ஐப் பார்த்து எடுத்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். பதிவேடு முக்கியம், அம்மணி. ஒவ்வொரு பாகத்துக்கும் பிறந்த நாள் முதல் காகிதம் இருக்க வேண்டும். ஒரு காகிதம் விடுபட்டிருந்தாலும் அந்த விமானத்தை விட்டுவிட வேண்டும்.

உதிரிபாகத்துக்கு 767 நல்ல இடத்தில் இருக்கிறது. பயணிகளுக்கு அது அரிதாகிவிட்டது, ஆனால் ஃபெட்எக்ஸ், யு.பி.எஸ் போன்ற சரக்கு நிறுவனங்கள் ஏராளமாக ஓட்டுகின்றன. என்ஜின் சாமான் சந்தையில் கிடைக்கும், பதினோரு வாரம் காத்திருக்க வேண்டாம். சரக்கு வடிவத்தின் தயாரிப்பை 2027-இல் நிறுத்துவதாக போயிங் சொல்லிவிட்டது. டேங்கர் வடிவம் மட்டும் தொடரும். முப்பது வருடக் கணக்கில் இதையும் எழுதிவிடுங்கள். அதே நேரம், 2022 ஏப்ரலில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் இஸ்ரேல் நிறுவனமும் இந்த மாற்றும் வேலையை இந்தியாவிலேயே செய்வதற்கு ஒரு புரிந்துணர்வு போட்டார்கள். இது நிஜமாகவே நடந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். தன் கையால் திறந்து மூடிய விமானத்தைத்தான் ஒரு ஃபிட்டர் சீக்கிரம் சரி செய்வான். பெட்டியில் வந்த புத்தகத்தைப் பார்த்துச் செய்வது வேறு.

இன்னொன்று, இதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள். ஹேங்கர் கதவு, அதாவது விமானக் கொட்டகையின் கதவு. இல்யூஷினின் இறக்கை 50.5 மீட்டர். 767-இன் இறக்கை 47.6 மீட்டர். ஏ330-இன் இறக்கை 60.3 மீட்டர். இறக்கை அகலத்தை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே இல்யூஷினுக்கு என்று கட்டிய இடத்தில் 767 நுழைந்துவிடும். ஏ330-க்குப் பத்து மீட்டர் பற்றாது. புது ஹேங்கர், அகலமான நிறுத்துமிடம், விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போகும் டாக்ஸிவே ஓரத்தில் கூடுதல் இடைவெளி எல்லாம் வேண்டும். மே மாதம் வடக்கே வெட்டவெளியில் இறக்கைத் தகட்டின் மேல் ஏறி வேலை செய்தவனுக்குத்தான் கூரையின் அருமை தெரியும். முழங்கால் வெந்துவிடும். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் ஏ330-இன் விலையை ஒப்பிடாதீர்கள்.

வாடகை பற்றி மேலே எழுதிய நண்பருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வாடகை நல்ல வழி, அதை நாமும் செய்துவிட்டோம். 2025 மார்ச்சில் மெட்ரியா என்ற நிறுவனத்தோடு ஒரு கே.சி-135-க்கு ஒப்பந்தம் போட்டார்கள், விமானப்படை மற்றும் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க. ஓட்டுவது அவர்களுடைய ஆட்கள். நம் டேங்கர் போர் வேலைக்கு நிற்கும்போது பையன்கள் கூடையைப் பிடித்துப் பழக அது உதவும். ஆனால் சண்டை வரும் ராத்திரியில் வாடகை விமானத்தின் விமானி வர மாட்டேன் என்று சொன்னால் நாம் யாரிடம் போவது? ஐரோப்பிய நாடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்றால், அவர்கள் சண்டைக்கும் சேர்ந்து போகிறவர்கள். நமக்கு அப்படி யாரும் இல்லை. நம் டேங்கர் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.


செலவுக்கணக்கு:

ஒத்துக்கொள்கிறேன் சார். பயிற்சிக்கு வாடகை, போருக்குச் சொந்தம். ஹேங்கர் செலவை நான் யோசிக்கவே இல்லை.


பிடோக் வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சாங்கியிலிருந்து ஏ330 டேங்கர்கள் மேலேறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2014-இல் ஆறு வாங்க முடிவு செய்தார்கள், 2018-இல் முதல் விமானம் வந்தது. அதற்கு முன் நாலு கே.சி-135 இருந்தன.

மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். "சிங்கப்பூரே ஏ330 வாங்கியது" என்று உங்கள் பேச்சில் காரணமாக வைக்காதீர்கள். எங்கள் எஃப்-15-உம் எஃப்-16-உம் பூம் விமானங்கள். பழைய ஏ-4, எஃப்-5 காலத்தில் ப்ரோப் இருந்தது, அப்போது ஹோஸ் உள்ள கே.சி-130 வைத்திருந்தார்கள். விமானம் மாறியதும் டேங்கரும் மாறியது. பெரியவர் சொன்ன "யாருக்கு ஊற்றப் போகிறோம்" என்பதுதான் இங்கேயும் நடந்தது. மேலும் எங்களுக்கு வானம் சின்னது, போர் விமானங்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெளியே போய்த்தான் பயிற்சி செய்கின்றன. அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும்போது தரைப் பணியாளர்களையும் அதே விமானத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஏ330-இல் எரிபொருள் முழுக்க இறக்கையிலும் வாலிலும்தான் இருக்கிறது, மேல்தளம் முழுக்க இருக்கைக்கு விட்டுவிடலாம். தென்கொரியா 2021-இல் ஆப்கானியர்களை அழைத்து வந்ததும் தன் ஏ330 டேங்கரில்தான். இந்தியாவுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நீங்கள்தான் எடை போட வேண்டும். உங்களிடம் சி-17 இருக்கிறது.


வல்லம் மாணவி:

அண்ணா, நல்ல வேளை சொன்னீர்கள். சிங்கப்பூரை நிஜமாகவே இரண்டாவது ஸ்லைடில் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஐயா, அட்டவணையை மாற்றிவிட்டேன். முதல் வரிசையில் ஹோஸ் எண்ணிக்கை, பூமுக்கு இடம். இரண்டாவது வரிசையில் தயார் நிலை, உதிரிபாகம் வரும் நாள். மூன்றாவதாக, அதே கருவி வேறு எங்கே வேலை செய்கிறது. பிறகு ஹேங்கரோடு சேர்த்த விலை. கொள்ளளவு கடைசி வரிசை. இப்படிப் போட்டால் ஏ330-உம் 767-உம் மிகவும் நெருக்கமாக வருகின்றன. என் முடிவு இன்னும் ஏ330 பக்கம்தான் சாய்கிறது, ஏனென்றால் அதன் பூமும் பாட்களும் இத்தனை நாடுகளில் வேலை செய்து நிரூபித்தவை. ஆனால் இப்போது காரணத்தோடு சொல்ல முடியும். வியாழக்கிழமை பேச வேண்டும். யாராவது "ஆறு போதுமா" என்று கேட்டால் என்ன சொல்வது?


பழைய ஏர்மேன், சூலூர்:

போதாது என்று சொல்லுங்கள். காரணமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. பழைய ஆறும் புதிய ஆறும் சேர்ந்தாலும் பன்னிரண்டு. பழையதில் மூன்று, புதியதில் 70 சதவீதம் என்றால் நாலு. ஆக, ஏழு. ஒரே ஒரு இடத்தில் இரவு பகலாக ஒரு டேங்கரை நிறுத்தவே மூன்றும் அதற்கு மாற்றாக ஒன்றும் வேண்டும் என்று பார்த்தோம். நமக்கு மேற்கு, வடக்கு, கடல் என்று மூன்று திசை. ஏழை வைத்து இரண்டாவது திசைக்கே மாற்று விமானம் இருக்காது. மூன்றாவதுக்கு ஒன்றுமே இல்லை.

1982 ஃபாக்லாந்து சண்டையில் ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அசென்ஷன் தீவிலிருந்து ஸ்டான்லிக்கு அனுப்பித் திரும்ப அழைக்க பிரிட்டன் பதினொரு விக்டர் டேங்கரைப் பறக்க விட்டது. டேங்கருக்கே டேங்கர் ஊற்ற வேண்டியிருந்தது. கேட்கிறவர்களிடம் இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேள்வி வராது.

நீங்கள் ஏ330 என்று முடிவு செய்தால் எனக்கு வருத்தம் இல்லை. நான் 767 பக்கம் கொஞ்சம் சாய்கிறவன், அதற்கு ஹேங்கரும் இங்கேயே மாற்றும் வேலையும் காரணம். ஆனால் அந்த வேலை இங்கே நடக்காமல், மாற்றிய விமானம் பெட்டி பெட்டியாக வெளியிலிருந்தே சாமான் வாங்கும் நிலை வந்தால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். ஒரு ஸ்லைடில் மட்டும், ஒப்பந்தத்தில் இது இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்: எந்த உதிரிபாகமும் கேட்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் தளத்துக்கு வந்து சேர வேண்டும், பிந்தினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். ஸ்டார்ட்டர் வால்வையே உதாரணமாகப் போடலாம். வியாழக்கிழமை பேசி முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள், அம்மணி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.